காக்கை போட்ட கல்



வீட்டுத் தோட்டத்து அருவியின் படத்தைப் போன மாதம் போட்டபோது, "எப்படிச் செய்தீர்கள் சார்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். செய்முறையைச் சொல்கிறேன். அதோடு ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் பதிவு நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

என் மனைவி தென்காசிப் பக்கத்துக்காரி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆனி, ஆடி பிறந்துவிட்டால் குற்றாலச் சாரல் நினைப்பு வந்துவிடும். முட்டி ஆபரேஷன் ஆன பிறகு வழுக்குப் பாறைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வருஷம் சீசன் நேரத்தில் டிவியில் ஐந்தருவியைக் காட்டினார்கள். சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும்தான் வீட்டிலேயே சின்னதாக ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது.

ஆனால் குளம் கட்ட முடியாது. இரண்டு வயதுப் பேரன் வந்துபோகிற வீடு. சின்னப் பிள்ளைக்கு முழங்கால் தண்ணீரே ஆபத்து. தேங்கி நிற்கும் தண்ணீரில் டெங்குக் கொசு வேறு முட்டையிடும். அதனால் குளமில்லாத அருவி. விழுகிற தண்ணீர் கல்லுக்குள் இறங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அடியில் உள்ள குழியில் சேரும். அங்கிருந்து மோட்டார் மறுபடி மேலே ஏற்றும். நான்கைந்து வாளித் தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும். கோவில்பட்டியில் அருவியா என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மொட்டைமாடி மழைத் தண்ணீரையும் ஏசியில் வடிகிற தண்ணீரையும்தான் இதற்கு ஊற்றுகிறேன்.

இனிச் செய்முறை.

நான்கு அடி நீளம், மூன்று அடி அகலம், இரண்டு அடி ஆழத்தில் குழி தோண்டினேன். நம் ஊர்க் கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் பிளக்கும். சிமென்ட் தொட்டி கட்டினால் விரிசல் விட்டுவிடும். அதனால் பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற 500 மைக்ரான் ஷீட் வாங்கினேன். கூரான கல் குத்திவிடாமல் இருக்க, அடியில் இரண்டு இஞ்சு மணல், மேலே பழைய ஜமுக்காளம், அதற்கு மேல் ஷீட். இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில் சுற்றிலும் துளை போட்டு, அதற்குள் மோட்டாரை வைத்துக் குழி மூலையில் நிறுத்தினேன். மிச்ச இடம் முழுக்க ஒன்றரை ஜல்லி. கழுவித்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் தூசி மோட்டாரை அடைத்துவிடும். மேலே ஒரு வரிசை கூழாங்கல். தண்ணீர் மட்டம் எப்போதும் கல்லுக்கு இரண்டு இஞ்சு கீழேதான் நிற்க வேண்டும்.

தோண்டிய மண்ணையே மூன்றடி மேடாக்கி, அதன் மேலும் ஷீட் விரித்துக் கல் அடுக்கினேன். உச்சியில் எங்கள் பழைய வீட்டுத் துவைகல். அரை அடி அகலத்துக்கு மட்டும் வாய் விட்டு, இருபுறமும் கல்லை வைத்துக் கலவை பூசி அடைத்தேன். அடைக்காவிட்டால் தண்ணீர் கல்லுக்குப் பின்னாலேயே ஓடிவிடும், முன்னால் ஒன்றும் விழாது. துவைகல் முன்பக்கம் கொஞ்சம் சரிந்து நீட்டிக்கொண்டும் இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் கல்லின் அடியோடு ஒட்டி வழியும்.

மோட்டார் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியில் மணிக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருப்பது, தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாதபோது கிடைக்கிற அளவு. உயரம் கூடக் கூடக் குறையும். பெட்டியில் எழுதியிருக்கிற அதிகபட்ச உயரத்தில் ஒரு சொட்டும் வராது. ஓர் இஞ்சு அகல வாய்க்கு மணிக்கு 380 லிட்டர் போல வேண்டும். அரை அடிக்கு ஏறக்குறைய 2300 லிட்டர். மூன்றடி ஏறிய பிறகும் அந்த அளவு கிடைக்கிற 50 வாட் மோட்டார் எடுத்தேன். தினம் இரண்டு மணி நேரம் ஓடினால் மாதம் மூன்று யூனிட்தான்.

முதல் நாள் தண்ணீர் விழுந்தபோது என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சாரல் மட்டும்தான் இல்லை" என்றாள். எனக்கு அதுவே போதும்.

தெறிப்பிலும் வெயிலிலும் தினம் இருபது லிட்டர் குறைந்தது. நானும் கணக்குப் போட்டேன். நான்கு, மூன்று, இரண்டைப் பெருக்கினால் 24 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். மொத்தம் 680 லிட்டர். நாளைக்கு இருபது என்றாலும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். மே மாதம் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் பத்து நாள் போனோம். சிட்டுக்குருவியும் மைனாவும் தண்ணீர் குடிக்க வந்து பழகிவிட்டன. பாவம், அவை ஏமாறக் கூடாதே என்று டைமரைப் போட்டு, அருவியை ஓடவிட்டுவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் அருவி இல்லை. மோட்டார் கருகிக் கிடந்தது.

தெரிந்தவர் மூலமாக ஓர் எலக்ட்ரீஷியனை வரச் சொன்னேன். வண்டியை நிறுத்திவிட்டு, "சார், என்னைத் தெரியுதா?" என்றான். நாற்பது வயதைத் தாண்டியவன். பெயர் சொன்ன பிறகுதான் முகம் பிடிபட்டது. என்னிடம் நடுநிலைப் பள்ளியில் படித்தவன்.

மோட்டாரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தண்ணியில்லாம ஓடியிருக்கு சார். குழி எம்புட்டுப் பிடிக்கும்?" என்று கேட்டான்.

"680 லிட்டர்" என்றேன் உடனே.

"கல்லு போட்ட பிறகுமா சார்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அவன் பதினைந்து லிட்டர் வாளியை எடுத்து, ஜல்லியை நிரப்பி, ஒரு லிட்டர் குவளையால் தண்ணீர் ஊற்றி எண்ணினான். ஆறாவது குவளையில் வாளி நிரம்பிவிட்டது. நூற்றுக்கு நாற்பது பங்கு. அப்படியானால் என் குழியில் இருந்தது 270 லிட்டர்தான். பத்து நாளில் இருநூறு போய்விட்டது. மிச்சம் எழுபது. மோட்டார் ஓடும்போது அதிலும் பெரும்பகுதி குழாயிலும் மேட்டுக் கல்லுக்குள்ளும் நிற்கும். குழியில் என்ன இருக்கும்? இத்தனைக்கும் 24 கன அடிக் குழிக்குக் கால் யூனிட், அதாவது 25 கன அடி ஜல்லி வேண்டுமென்று ஆர்டர் கொடுத்ததே நான்தான். பானைக்குள் கல் போட்ட காக்கையின் கதையை முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நடித்துக் காட்டியவனும் நான்தான்.

அதைச் சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு ஒயரைச் சீவிக்கொண்டே, "அன்னைக்கு இதத்தான் சார் நான் கேட்டேன்" என்றான்.

என்றைக்கு என்று கேட்டேன். கன அளவு நடத்தும்போது, கரும்பலகையில் ஒரு தொட்டியை வரைந்து, எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று கேட்டேனாம். இவன் எழுந்து, "சார், தொட்டிக்குள்ள கல்லு கிடந்தா?" என்றானாம். வகுப்பே சிரித்ததாம். நான் குறும்பு என்று நினைத்து, ஸ்கேலால் கையில் இரண்டு போட்டு, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று மணி அடிக்கும் வரை நிறுத்திவைத்தேனாம்.

"அடி ஒண்ணும் வலிக்கல சார். ஆனா அதுக்குப் பிறகு நான் எந்த வகுப்புலயும் கேள்வி கேட்டதில்ல."

குறையாகச் சொல்லவில்லை அவன். பழைய கதையாகத்தான் சொன்னான். எனக்கு அந்த நாள் நினைவிலேயே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அவனுக்கு முப்பது வருஷமாக மறக்காதது எனக்கு அன்று சாயங்காலமே மறந்துபோயிருக்கிறது. ஆசிரியர் பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுத்ததே, கேள்வி கேட்கிற பிள்ளையை அடக்காதே என்பதுதான். பட்டயம் வாங்கினேன், பாடத்தை விட்டுவிட்டேன்.

வேலையை அவன் முடித்துக் கொடுத்தான். 30 மில்லியாம்பியர் மின்கசிவிலேயே கரண்டைத் துண்டிக்கிற ஆர்சிசிபி போட்டான். தோட்டத்தில் தண்ணீரும் மின்சாரமும் சேர்கிற இடத்தில் இது இல்லாமல் யாரும் இந்த வேலையைத் தொடாதீர்கள். தண்ணீர் குறைந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் மிதவை சுவிட்ச் வைத்தான். தெறிக்கும் தண்ணீர் வெளியே போகாமல் குழிக்குள்ளேயே திரும்ப, ஓரத்து ஷீட்டை ஓர் அடி அகலப்படுத்தி உயர்த்தினான். இப்போது நாளைக்கு ஐந்தாறு லிட்டர்தான் குறைகிறது. கூலி வேண்டாம் என்றான். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். அதையும் வாங்காமல் போயிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

கிளம்பும்போது அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் இதை எழுதச் சம்மதித்தான். நாற்பது பேர் முன்னால் அவமானப்படுத்தியவன் தனியாக மன்னிப்புக் கேட்டால் கணக்குச் சரியாகாது. அதனால்தான் உங்கள் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன். தம்பி, அன்று நீ கேட்டது சரியான கேள்வி. பதில் தெரியாதவன் நான்.

அவனைப் போல இன்னும் எத்தனை பேரை உட்கார வைத்தேனோ தெரியாது. உங்களில் யாருக்காவது அப்படி ஒரு நாள் நினைவிருந்தால், தயங்காமல் எழுதுங்கள். திட்டியும் எழுதலாம். இந்த வயதில் தெரிந்துகொள்வது நல்லதுதான்.

அருவி இப்போது மறுபடி ஓடுகிறது. காலை ஒரு மணி நேரம் குருவிகளுக்கு, மாலை ஒரு மணி நேரம் என் மனைவிக்கு. பேரன் நேற்று வந்தான். கூழாங்கல் மேலேயே உட்கார்ந்து, "தாத்தா, தண்ணி எங்க போகுது?" என்று பதினைந்து தடவை கேட்டான். பதினைந்து தடவையும் பதில் சொன்னேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்