கலங்கிய நீர்

ஆடி மாதத்தில் மன்னார்புரத்தின் சன்னல்கள் ஓயாது அடித்துக்கொள்ளும். அந்நாட்களில் பொன்மலைப்பட்டியை அடுத்த மாவடிக்குளத்தின் கரையில் நின்று, கலங்கிய நீரைக் கண்டு நாம் முகஞ்சுளித்ததுண்டு. உண்மையோ வேறு.

மேல்காற்று மேற்பரப்பு நீரைக் கிழக்குக் கரைக்குத் தள்ளுகிறது. அங்கே சற்றே உயர்ந்த நீர், அடியோட்டமாகத் திரும்புகிறது. ஆழமற்ற குளமாதலின் இச்சுழற்சி தரைவரை எட்டிச் சேற்றைக் கிளறுகிறது; மேலே கரைந்த பிராணவாயுவையும் அடிவரை கொண்டுசேர்க்கிறது. காற்றடங்கிய வெப்ப இரவுகளில்தான் அடிநீரில் பிராணவாயு குறைந்து, விடியலில் மீன்கள் மேலே வந்து வாய்பிளக்கின்றன.

முன்பு பணிபுரிந்த பங்கொன்றில், பேரவையில் எழுந்த எதிர்க்குரல்களை எல்லாம் ‘அமைதி’ என்று அடக்கினோம். ஓராண்டில் எவரும் பேசவில்லை. அதனை ஒற்றுமை என்றே நம்பினோம். இன்று இக்கரையில் நிற்கையில், அவ்வமைதியை எண்ணி அஞ்சுகிறோம்.