வயதாக விட்ட மரங்கள்

பிப்ரவரி 8

அக்கா மகன் கோலாலம்பூரிலிருந்து அழைத்தான். கோல சிலாங்கூர் பக்கம் தோட்ட நிர்வாகி குடியிருந்த ஒரு பழைய துரை பங்களா விலைக்கு வருகிறதாம். வீட்டோடு மூன்று ஏக்கர். "மாமா, நீங்க அந்தப் பக்கத்துத் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவங்க. ஒரு தடவை பாத்துட்டு சொல்லுங்களேன்" என்றான். விளம்பரத்தையும் அனுப்பி வைத்தான். வீட்டைப் பற்றி நாலு வரி. மிச்சமெல்லாம் மரங்களைப் பற்றித்தான்.

எந்தத் தோட்டம் என்று படித்ததும் தெரிந்துவிட்டது. என் பெரியப்பா தோட்டக்காரராக இருந்த பங்களா அது.

பிப்ரவரி 10

புக்கிட் ரோத்தானைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை. நான் சிறுவனாக இருந்தபோது இதில் பாதி ரப்பர்ப் பால்மரக் காடு. மேட்டில் வீடு அப்படியே நிற்கிறது. செங்கல் தூண்கள் மேல் பலகைச் சுவர், மூன்று பக்கமும் அகன்ற வராந்தா, சரிந்து இறங்கும் சிவப்பு ஓட்டுக்கூரை. பின்பக்கத் தூண் இரண்டில் கறையான். சமையற்கட்டுக் கூரை ஒழுகுகிறது. செலவு வைக்கும் வீடுதான்.

ஆனால் அந்த நிழல்! முன்வாசலில் தூங்குமூஞ்சி மரம் ஒரு திடலையே மூடி நிற்கிறது. அதன் கிளைகளெல்லாம் பறவைக்கூடு பெரணி. படிக்கட்டுக்கு இரு புறமும் நாகலிங்கம் போலத் தடித்துப்போன அரளி மரங்கள். பின்னால் மங்குஸ்தீன், இரண்டு ரம்புத்தான், ஒரு பெரிய பலா. விற்பனை முகவர் கூரையையும் தரையையும் காட்டிக்கொண்டே வந்தார். எனக்கு மரங்களை விட்டுக் கண் நகரவில்லை.

ஒரு தோட்டத்தில் எந்த மரத்தையும் கிழவனாக விடமாட்டார்கள். பால்மரமானாலும் செம்பனையானாலும் ஏறக்குறைய 25 ஆண்டுகள்தான். பால் குறைந்தாலும், குலை எட்டாத உயரத்துக்குப் போனாலும் சாய்த்துவிட்டு மறுநடவு. மரங்கள் விருப்பம்போல் வயதாக இரண்டே இடங்கள்தாம் உண்டு. ஒன்று மாரியம்மன் கோயில் வாசல், மற்றது துரை பங்களா. கோயில் மரத்தைப் பயம் காத்தது. பங்களா மரத்தைச் சம்பளம் வாங்கிய ஒரு மனிதர் காத்தார்.

பிப்ரவரி 11

பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். இப்போது பெஸ்தாரி ஜெயாவில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருக்கு அந்த ஊர் இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான்.

"தொரைங்க மாறிக்கிட்டே இருந்தாங்க தம்பி, உங்க பெரியப்பாதான் மாறல. புதுசா ஒரு தொரையம்மா வந்தா ரோசா வைக்கச் சொல்லும். இந்த வெயிலுக்கும் மழைக்கும் ரோசா நிக்குமா? வைப்பாரு, செத்துப்போகும், மறுபடியும் வைப்பாரு. பலாவ மட்டும் யாரும் வைக்கச் சொல்லல. சமையக்கட்டுப் பின்னால அவரா வச்சது."

"நம்ம லயத்து வாசல்ல என்னவெல்லாம் இருந்துச்சு பெரியம்மா?"

"முருங்கை, கருவேப்பிலை, அவரைப் பந்தல், துளசி. ஆயாக்கொட்டகை பக்கத்துல ஒரு வேம்பு. லயத்தோட சேத்து எல்லாத்தையும் ஒரே நாள்ல தள்ளிட்டாங்க. அதுக்கு யாரு விலை போட்டா?"

பதில் சொல்ல முடியவில்லை. பங்களாத் தோப்பையும் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலையும் நட்டது ஒரே கைகள்தாம். அந்தத் தோப்பு இன்று வீட்டின் விலையை ஏற்றுகிறது. வாசல் செடிகளைக் கணக்கில் சேர்க்க ஒரு காகிதம்கூட இருக்கவில்லை.

பிப்ரவரி 13

இந்தச் சிலாங்கூர் ஆற்றங்கரைக்கு இன்னொரு பங்களாவின் கதையும் உண்டு. இரவெல்லாம் அதையே படித்தேன்.

1905இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சு இளைஞர் மலாயாவுக்கு வந்தார். பார்பெஸியூ என்ற சிற்றூர்க்காரர், வயது 26. இங்கே ரந்தாவ் பஞ்சாங்கில் காடு வெட்டி ரப்பர் போட்டார். மலாயும் தமிழும் கற்றுக்கொண்டார். 1911, 1912 வாக்கில் சுமத்ராவில் தோட்டம் வைத்திருந்த பெல்ஜியர் அட்ரியன் ஹாலே வழியாகச் செம்பனை விதைகள் அவருக்குக் கிடைத்தன. மேற்கு ஆப்பிரிக்க மரம் அது. 1848இல் ஜாவாவின் போகோர் பூங்காவுக்கு நான்கே கன்றுகளாக வந்து சேர்ந்த வம்சம். ஃபோகோனியே அதை எண்ணெய்க்காக நடவில்லை. பாதையோரத்தில் அழகுக்காக நட்டார். 1917இல்தான் தென்னமரம் எஸ்டேட்டில் வணிகத்துக்காகச் செம்பனை போடப்பட்டது, நாட்டிலேயே முதன்முறையாக. 2017இல் அதன் நூற்றாண்டைக் கொண்டாடினார்கள். இன்று மலேசியாவில் 50 இலட்சம் ஹெக்டேருக்கு மேல் செம்பனை.

பாதையோர அலங்காரமாக இருந்த மரம் வெளியே இறங்கி, மற்ற எல்லா மரங்களையும் விழுங்கிவிட்டது. பால்மரக் காடும் லயமும் அவரைப் பந்தலும் அதற்குள் போயின. 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விடும்வரை, பல தோட்டங்களில் பூவுக்குப் பூ மகரந்தம் தூவியதும் மனிதக் கைகள்தாம். பெரியம்மாவும் அந்த வேலைக்குப் போனவர். முள் கிழித்த தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது.

ஃபோகோனியே தன் மலாயா வாழ்க்கையை நாவலாக்கினார். 'மலேசி' என்ற அந்த நூலுக்கு 1930இல் கொன்கூர் பரிசு கிடைத்தது. அதில் அவருடைய பங்களா 'பனைகளின் வீடு' என்று வருகிறது, தமிழர்களும் வருகிறார்கள். நம் மக்களை உற்றுப் பார்த்தவர் என்ற மதிப்பு எனக்கு அவர்மேல் உண்டு. ஆனாலும் அந்த வீட்டை இலக்கியத்தில் நிறுத்த ஒருவர் இருந்ததுபோல், அதைச் சுற்றித் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு எவரும் இருக்கவில்லை.

பிப்ரவரி 14

மறுபடி போனேன். விலைக்கு வரும் பங்களாவுக்கு ஏறும் வளைவில் காரை நிறுத்திவிட்டு நடந்தேன். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதன் முன்னின்று வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வோடு இதுவும் ஒன்று: சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம். படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் செத்தார்கள், நாதனை நாடு கடத்தினார்கள். நிழல் அருமையாக இருக்கும் இந்தப் பாதையில் அதையும் நினைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

பிப்ரவரி 16

நிலச் சட்டம் தெரிந்த நண்பரைக் கேட்டேன். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாறத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு, தோட்டங்களைத் துண்டாடுவதைத் தடுக்க. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, ஆயிரக்கணக்கான நம்மவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அந்த வேதனையில்தான் 1960இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். விற்பனைக்கு வந்த தோட்டத்தை அங்கே வேலை செய்தவர்களே வாங்கலாம் என்று காட்டிய செயல் அது. எங்கள் தோட்டத்துக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

மூன்று ஏக்கர் பங்களா நிலத்துக்கு வாரியம் தேவையில்லை. வாங்குகிறவர் மனம்தான் வாரியம். வந்த மறுநாளே தூங்குமூஞ்சியை வெட்டிவிட்டுச் சிமெண்டு போடவும் கூடும்.

பிப்ரவரி 17

அக்கா மகனுக்கு விரிவாக எழுதினேன். கிராண்டை நில அலுவலகத்தில் சரிபார். கறையானுக்கும் கூரைக்கும் ஆள் வைத்து மதிப்புப் போட்டு, அதைச் சொல்லி விலையைக் குறை. வாங்கு, ஆனால் ஒரு மரத்தையும் வெட்டாதே. பலாவை வைத்தவர் உன் தாத்தா முறை. அது காய்க்கும்போது பழைய லயத்துக் குடும்பங்கள் வந்து பறித்துக்கொள்ள வேண்டும். கோயிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை உன் வேலிக்குள் வருகிறது, அதை அடைக்கவே கூடாது. இதற்கெல்லாம் சம்மதமில்லையென்றால் வேறு இடம் பார்.

இரவு அழைத்தான். பலாவுக்கும் பாதைக்கும் சம்மதமாம். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறான், எந்த மரத்தை யார் வைத்தது என்று எழுதிக்கொள்ள வேண்டுமாம்.