பால்கோவா சொன்ன ரேம் ரகசியம்

2012-ஐ மறந்திருக்க மாட்டீங்க. சென்னையில ஒண்ணு, ரெண்டு மணி நேரம் கரன்ட் போனதுக்கே புலம்பினாங்க. ராஜபாளையத்துல நாங்க 'எப்ப போகும்?'னு கேட்கிறதை விட்டுட்டு, 'எப்ப வரும்?'னு கேட்க ஆரம்பிச்ச வருஷம் அது. நான் ஃபைனல் இயர். கையில செகண்ட் ஹேண்ட் லேப்டாப், கொஞ்ச நேரமே தாங்குற பேட்டரி. விடிஞ்சா ப்ராஜெக்ட் ரிவ்யூ.

ராத்திரி கரன்ட் போனதும் லேப்டாப்பை மூடிட்டுப் படுத்துட்டேன். 'ஸ்லீப்'லதானே இருக்கு, காலையில திறந்தா விட்ட இடத்துல நிக்கும்னு நம்பிக்கை. நோட்பேடுல மூணு மணி நேரம் அடிச்ச கோட் திறந்தபடியே கிடந்தது. சேவ் பண்ணலை. (திட்டாதீங்க, வேண்டிய அளவு வாங்கிட்டேன்!)

விடிஞ்சும் கரன்ட் வரலை. பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர்ல சினேகிதன் வீட்டுக்கு ஓடினேன். அங்க கரன்ட் இருந்துச்சு. சார்ஜரைச் செருகினா, விண்டோஸ் முதல்லேருந்து கிளம்புது. கோட் காலி.

அவங்க வீட்டுப் பின்கட்டுல பால்கோவா அடுப்பு. மாமா வேர்த்து விறுவிறுத்துக் கிண்டிக்கிட்டிருந்தார். "ஒரு நிமிஷம் உட்காருங்களேன் மாமா"ன்னேன். "கையை எடுத்தா அடிபிடிச்சிரும் தம்பி"ன்னார்.

ரேமும் இதே கதைதாங்க. 1968-ல ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டு காப்புரிமை வாங்கின டிசைன் அது. ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர்ல மின்னூட்டமா நிக்குது. அது கசியும். அதனால 64 மில்லிசெகண்டுக்குள்ள எல்லா செல்லையும் ஒரு தடவை படிச்சுத் திரும்ப எழுதணும். சிப்போட சூடு 85 டிகிரியைத் தாண்டினா 32 மில்லிசெகண்டுக்குள்ள. தீ கூடினா மாமா கை வேகமாகுற மாதிரி! இந்தக் கிண்டலுக்குப் பேரு 'ரெஃப்ரெஷ்'. ஸ்லீப்ல ப்ராசஸர், ஹார்ட் டிஸ்க் எல்லாம் தூங்கிரும். ரேம் மட்டும் தானே தன்னைக் கிண்டிக்கிட்டிருக்கும். அதுக்குக் கொஞ்சூண்டு கரன்ட் போதும். என் பேட்டரியில அந்தக் கொஞ்சூண்டும் விடியற வரைக்கும் தாங்கலை.

ஹைபர்னேட் வேற ஜாதி. ரேம்ல இருக்கிறதை ஹார்ட் டிஸ்க்ல எழுதி வச்சுட்டு மொத்தமா அணைஞ்சிரும். பேட்டரியைக் கழட்டினாலும் கவலையில்லை. இடத்தை அடைக்குதுன்னு அதை ஆஃப் பண்ணி வச்ச புண்ணியவான் யாருன்னு நினைக்கிறீங்க? அடியேன்தான்.

இப்ப ரேம் எவ்வளவோ சிக்கனம். முதல் டிடிஆர் 2.5 வோல்ட் கேட்டுச்சு, டிடிஆர்5-க்கு 1.1 போதும். செல்போன்ல வர்ற எல்பிடிடிஆர் இன்னும் கெட்டி. தேவையான பகுதிக்கு மட்டும் ரெஃப்ரெஷ் பண்ணும், சிப் குளிர்ந்திருந்தா வேகத்தையும் குறைச்சுக்கும்.

அன்னிக்கு அந்த அடுப்புப் பக்கத்துலயே உட்கார்ந்து பாதி கோடைத் திரும்ப அடிச்சேன். ரிவ்யூவுல, "இவ்வளவுதானா?"ன்னாங்க. மண்டையை ஆட்டினேன்.

இப்ப பெங்களூர்ல வேலை. இன்னமும் என் லேப்டாப்பை மூடினா நேரா ஹைபர்னேட்தான். திறக்க நேரமாகுதேன்னு பக்கத்து சீட்டுக்காரன் சிரிப்பான். அவனுக்கு ஊர்லேருந்து பால்கோவா மட்டும் வாங்கிட்டு வந்து தர்றேன்.