ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஒரு சனிக்கிழமை

அமெரிக்காவில் போய் ‘ஸ்ப்ரிங்ஃபீல்டுக்கு எப்படிப் போகணும்?’ என்று கேட்பது, நம்ம ஊரில் ‘பிள்ளையார் கோயில் தெரு எங்கே ஸார்?’ என்று கேட்கிற மாதிரி. ‘எந்தப் பிள்ளையார் கோயில்?’ என்று திருப்பிக் கேட்பார்கள். மாநிலம் மாநிலமாக ஸ்ப்ரிங்ஃபீல்டுகள் இறைந்து கிடக்கின்றன.

அதில் ஏதோ ஒன்றில்தான் ஹோமர் சிம்ப்ஸன் குடியிருக்கிறார். மஞ்சள் உடம்பு, உச்சந்தலையில் இரண்டே முடி, அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் உத்தியோகம் - அதாவது, நாற்காலியில் தூங்குகிற உத்தியோகம். மனைவி மார்ஜ், ஆளுயரத்துக்கு நீலக் கொண்டை. வால் பையன் பார்ட், படிப்பாளிப் பெண் லிசா, வாயில் நிப்பிளோடு கைக்குழந்தை மேகி. 1987-ல் ‘ட்ரேஸி உல்மன் ஷோ’வுக்கு நடுவே ஒரு நிமிஷத் துணுக்காக எட்டிப் பார்த்த குடும்பம், 1989 டிசம்பர் 17 அன்று அரைமணி நேரத் தொடராகக் குடியேறியது. இன்னும் காலி செய்யவில்லை. 750 எபிசோடு தாண்டியாயிற்று. பார்ட்டுக்கு இன்னும் பத்து வயசு!

எந்த மாநிலத்து ஸ்ப்ரிங்ஃபீல்ட் என்பதைத் தொடரில் சொல்லவே மாட்டார்கள். சொல்ல வரும்போது யாராவது இருமுவார்கள், அல்லது குறுக்கே ஏதாவது போகும். கடைசியில் 2012-ல் ஒரு பேட்டியில் மேட் க்ரேனிங் (படைத்த பிரம்மா) உடைத்துவிட்டார். ஒரிகன் மாநிலத்து ஸ்ப்ரிங்ஃபீல்ட்தான். சின்ன வயதில் பார்த்த ஒரு டி.வி. குடும்பம் ‘ஸ்ப்ரிங்ஃபீல்ட்’ என்ற ஊரில் இருந்ததாம். பையன் அது பக்கத்து ஊர் என்று நினைத்துப் பூரித்திருக்கிறான். பிறகுதான் தெருவுக்குத் தெரு ஸ்ப்ரிங்ஃபீல்ட் என்று தெரிந்தது. ‘நல்லதாப் போச்சு, அவங்கவங்க தங்கள் ஊர்னே நினைச்சுக்கட்டும்’ என்று அதே பெயரை வைத்துவிட்டார்.

பாவம், 2007-ல் சிம்ப்ஸன்ஸ் சினிமா வெளியானபோது ‘எந்த ஸ்ப்ரிங்ஃபீல்டில் முதல் காட்சி?’ என்று ஒரு போட்டி வைத்தார்கள். ஜெயித்தது நாட்டின் மறுகோடியில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்து ஸ்ப்ரிங்ஃபீல்ட். ஒரிஜினல் பிள்ளையாருக்குச் சுண்டல் கிடைக்கவில்லை.

என் கல்லூரி நண்பன் ஒருவன் ஒரிகனில் ஹில்ஸ்பரோவில் இருக்கிறான். கம்ப்யூட்டர் சிப் உத்தியோகம். பெயர் வேண்டாம், அவன் ஆபீஸில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அதிகம். ஹாஸ்டலில் நாங்கள் இருவரும் சாம்பாரைப் பற்றிப் போட்ட சண்டையைவிட சிம்ப்ஸன்ஸ் பற்றிப் போட்ட சண்டை அதிகம். ‘சனிக்கிழமை வாடா, ஹோமர் ஊருக்குக் கூட்டிப் போறேன்’ என்றான். கூடவே அவனுடைய மூன்று வயசுப் பெண்ணும், அவளுடைய மூன்று பைகளும். மனைவிக்கு அன்று டியூட்டி.

முதலில் போர்ட்லண்ட். க்ரேனிங் வளர்ந்த நகரம். இதன் வடமேற்குப் பகுதியில் தெருக்களுக்கு ஆங்கில அகரவரிசையில் பெயர். எஃப் என்றால் ஃப்ளாண்டர்ஸ். கே என்றால் கியர்னி. எல் என்றால் லவ்ஜாய். க்யூ என்றால் க்விம்பி. தொடரைப் பார்க்கிறவர்களுக்கு இங்கேயே காது விடைத்திருக்கும். ஃப்ளாண்டர்ஸ், ஹோமரின் பக்கத்து வீட்டு பக்திமான். கியர்னி, பள்ளிக்கூட ரௌடி. லவ்ஜாய், பாதிரியார். க்விம்பி, கையூட்டு மேயர். ஒரு கிலோமீட்டருக்குள் பக்கத்து வீடு, சர்ச், முனிசிபாலிடி மூன்றையும் நடந்தே முடித்துவிடலாம். மனுஷன் கதாபாத்திரங்களுக்குப் பெயர் தேடி மூளையைக் கசக்கவே இல்லை, ஸார். வீட்டில் இருந்தவர்களையும் விடவில்லை. அப்பா பெயர் ஹோமர், அம்மா மார்கரெட், தங்கைகள் லிசா, மேகி! ஒரு தயாரிப்பாளரின் ஆபீஸ் வராந்தாவில் காத்திருந்த சில நிமிஷங்களில் கிறுக்கின குடும்பம் என்று சொல்வார்கள். அவசரத்தில் வேறு என்ன பெயர் ஞாபகம் வரும்?

ஃப்ளாண்டர்ஸ் தெருவில், நெடுஞ்சாலைக்கு மேலே நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் 2021-ல் ஒரு பாலம் திறந்தார்கள். அந்த வருஷமே அதற்கு ‘நெட் ஃப்ளாண்டர்ஸ் கிராஸிங்’ என்று அதிகாரபூர்வமாகப் பெயரும் சூட்டிவிட்டார்கள். கார்ட்டூன் ஆசாமிக்கு முனிசிபாலிடி பாலம்! நின்று கீழே பார்த்தேன். லாரி, லாரி, லாரி. நண்பனின் பெண் ஒவ்வொரு லாரிக்கும் டாட்டா காட்டினாள். நாற்பது லாரிக்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை.

க்ரேனிங் வளர்ந்த தெரு எவர்க்ரீன் டெரஸ். ஹோமரின் வீடும் அதே பெயர்த் தெருவில்தான். போர்ட்லண்டின் மேற்கே மேட்டில், மரமாக அடர்ந்த அமைதியான தெரு. குடியிருப்பவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று காரிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

“இங்கேதானேடா கரடி வரும்?” என்றான்.

வரும். 1996 மே மாதம் வந்தது. அபு எபிசோடு. எனக்கு முதல் மூன்றில் ஒன்று. எவர்க்ரீன் டெரஸில் ஒரே ஒரு கரடி நுழைந்துவிடும். ஹோமர் கூட்டம் சேர்த்துக்கொண்டு போய் ‘கரடிப் படை வேண்டும்’ என்று கோஷம் போடுவார். படை வரும், விமானம்கூட வரும். அதற்கு வீட்டுக்கு ஐந்து டாலர் வரி என்றதும் அதே ஹோமர், அதே கூட்டம், ‘வரியைக் குறை!’ பார்த்தார் மேயர் க்விம்பி. ‘வரி ஏறினதுக்குக் காரணம் வெளிநாட்டிலிருந்து வந்து ஒளிஞ்சிருக்கிறவங்கதான்’ என்று கையைக் காட்டிவிட்டார். மளிகைக் கடை அபு மாட்டினார். கல்கத்தாவில் முதல் மாணவர், கம்ப்யூட்டரில் டாக்டர் பட்டம் வாங்க வந்தவர், படிப்புக் கடனை அடைக்கக் கடையில் நின்று விசா காலாவதியானவர். ராவெல்லாம் படித்துக் குடியுரிமைத் தேர்வுக்குப் போகிறார். ‘உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன?’ என்று அதிகாரி கேட்க, அபு பொருளாதாரம், சமூகம் என்று விளக்க ஆரம்பிப்பார். ‘அடிமை முறைன்னு சொல்லிட்டுப் போய்யா’ என்கிற மாதிரி அதிகாரி அலுத்துக்கொள்வார். பாஸ்!

இந்த இடத்தில் என் நண்பன் எப்போதும் சிரிப்பான். அன்றைக்கு ரியர்வியூ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். “அபு என்னைவிட அதிர்ஷ்டசாலி. அவனுக்கு ஒரே எபிசோடில் முடிஞ்சிடுச்சு” என்றான்.

விஷயம் என்னவென்றால், வேலை வழியாக வருஷத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு கொடுக்கிறார்கள். ஒரு நாட்டுக்கு 7 சதவிகிதம் என்று கணக்கு. குட்டி நாட்டுக்கும் 7, இந்தியாவுக்கும் 7. க்யூ வருஷக்கணக்கில் நிற்கிறது. வேலையை விட்டால் 60 நாளுக்குள் வேறு வேலை பிடிக்கவேண்டும், இல்லை மூட்டை கட்டவேண்டும். இவனுக்கோ போர்ட்லண்டில் ஒரு ஃபில்டர் காபிக் கடை வைக்கவேண்டும் என்று ஆறு வருஷ ஆசை. இடம்கூடப் பார்த்து வைத்திருக்கிறான். வாடகைக்கு வேறு யாரோ வந்து, போய், மறுபடி காலியாகி, மறுபடி இவன் பார்த்துவிட்டு வந்தானாம்.

(அபுவுக்குக் குரல் கொடுத்த ஹாங்க் அஸாரியா வெள்ளைக்காரர். அந்த இழுவை உச்சரிப்பால் பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளான இந்தியப் பிள்ளைகள் ஏராளம். 2017-ல் ஹரி கொண்டபோலு இதைப் பற்றியே ஒரு டாக்குமென்டரி எடுத்தார். 2020-ல் அஸாரியா அந்தக் குரலை நிறுத்திக்கொண்டார். சரியான காரியம்தான். ஆனால் அபு வெறும் கேலிப் பொம்மை என்று யாராவது சொன்னால், இந்த எபிசோடைப் போட்டுக் காட்டுவேன்.)

போர்ட்லண்டிலிருந்து தெற்கே ஸ்ப்ரிங்ஃபீல்டுக்குச் சுமார் 180 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம். இரு பக்கமும் புல் விதைப் பண்ணை, ஆடு, ஹேஸல் கொட்டைத் தோப்பு. பார்க்க ஒன்றும் இல்லை என்பதால் சண்டை போட்டோம்.

அவன் கட்சி: சிம்ப்ஸன்ஸ் என்றால் கலாட்டா. ஹோமர் விண்வெளிக்குப் போகவேண்டும், ஊரே பைத்தியம் பிடித்து ஓடவேண்டும். என் கட்சி: ஹோமருக்குச் சம்பளம் பற்றாதபோதுதான் தொடர் நன்றாக இருக்கிறது. முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் போனஸ் கிடையாது என்று முதலாளி பர்ன்ஸ் கைவிரித்துவிடுவார். வீட்டில் சேர்த்த பணத்தை மார்ஜ் பார்ட்டின் பச்சையை அழிக்கச் செலவழித்திருப்பாள். ஹோமர் போனஸ் விஷயத்தை வீட்டில் சொல்லாமல், கடையில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் கட்டிக் குழந்தைகளை மடியில் உட்கார்த்திக்கொள்வார். பிடித்தம் போகக் கையில் 13 டாலர்! அதையும் நாய்ப் பந்தயத்தில் கட்டித் தோற்று, தோற்ற நாயையே வீட்டுக்குக் கூட்டி வருவார். தீபாவளி போனஸ் தள்ளிப்போன வருஷம் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று தெரியாமல் தெருமுனையில் நின்றவர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. 1993-ல் வந்த ஸ்ட்ரைக் எபிசோடும் இதே ஜாதி. லிசாவின் பல்லுக்குக் கம்பி கட்டவேண்டும், கம்பெனியோ பல் வைத்தியச் செலவைப் பிடுங்கப் பார்க்கிறது. ஹோமர் யூனியன் தலைவராகிவிடுவார்.

“ஃப்ராங்க் கிரைம்ஸ்?” என்றான்.

1997 மே. அணுமின் நிலையத்துக்குப் புதிதாக வந்த உழைப்பாளி. குடியிருப்பது ஒரு பௌலிங் கூடத்துக்கு மேலே, இன்னொரு பௌலிங் கூடத்துக்குக் கீழே. தூங்குமூஞ்சி ஹோமருக்கு மாடி வீடு, இரண்டு கார், டின்னருக்கு லாப்ஸ்டர் என்று கண்டதும் மனுஷனுக்குத் தாங்காது. கத்திக் கத்தி, கடைசியில் ஹோமர் மாதிரியே நடித்துக்காட்டி, கையுறை இல்லாமல் மின்கம்பியைத் தொட்டுப் போய்ச் சேருவார். இறுதிச் சடங்கில் ஹோமர் தூக்கத்தில் உளற, ஊரே சிரிக்கும். ‘சாவு வீட்டில் சிரிப்பது அநியாயம்’ என்று கலாட்டா கட்சிக்காரனான என் நண்பனே இதை ஏற்பதில்லை. நான் ஏற்கிறேன். எல்லா ஆபீஸிலும் பாதிப் பேர் தன்னை கிரைம்ஸ் என்றும் பக்கத்து நாற்காலியை ஹோமர் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பக்கத்து நாற்காலியும் அப்படியே நினைக்கிறது. மேனேஜருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதே வருஷம் செப்டம்பரில், ஹெட்மாஸ்டர் ஸ்கின்னர் இத்தனை நாள் ஆள்மாறாட்டம் செய்தவர் என்று ஒரு எபிசோடு விட்டார்கள். அதைப் பற்றி எங்களுக்குள் சண்டையே இல்லை. இருவரும் காறித் துப்பினோம்.

ஸ்ப்ரிங்ஃபீல்ட் வந்துவிட்டது. வில்லமெட் ஆற்றின் கரையில், 2020 கணக்குப்படி 60,000 சொச்சம் பேர் இருக்கும் ஊர். ஆற்றுக்கு அக்கரையில் பல்கலைக்கழகத்தோடு யூஜீன் பகட்டாக இருக்கிறது. இந்தப் பக்கம் மர அறுவை மில்கள் வளர்த்த ஊர், சட்டையை மடித்துவிட்ட ஊர். பெயருக்குக் காரணம்கூட எளிமை: ஆதியில் வந்து குடியேறியவர் வேலி போட்ட வயலுக்குள் ஓர் ஊற்று. அவ்வளவுதான். அணுமின் நிலையம் தேடாதீர்கள். ஒரிகனிலேயே ட்ரோஜன் என்று ஒன்றுதான் இருந்தது, இங்கே இல்லை, கொலம்பியா ஆற்றோரம். 1992-ல் நின்றது. அதன் பிரமாண்டக் கோபுரத்தை 2006 மே மாதம் வெடி வைத்துச் சரித்துவிட்டார்கள்.

மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்கி நடந்தோம். நண்பன் கண் ரோட்டின் மேலேயே இருந்தது. அவனுடைய நம்பர் ஒன் எபிசோடு அப்படி. 1993 ஜனவரியில் வந்த மோனோரயில். எழுதியவர் பிற்பாடு டி.வி.யில் பெரிய ஆளான கோனன் ஓ’ப்ரையன். ஊருக்கு 30 லட்சம் டாலர் அபராதப் பணம் கிடைக்கும். மார்ஜ், ‘மெயின் ஸ்ட்ரீட் குண்டும் குழியுமா இருக்கு, அதைச் சரி பண்ணலாமே’ என்பாள். யார் கேட்டார்கள்! கோட்டு போட்ட ஒரு பேர்வழி வந்து, ஆடிப் பாடி, மோனோரயிலை விற்றுவிட்டுப் போவான். சென்னைக்கும் 2011-ல் மோனோரயில் என்று அறிவித்தார்கள். ஒரு தூண்கூட எழும்பவில்லை என்ற வகையில் நாம் ஸ்ப்ரிங்ஃபீல்டைவிடப் பத்திரம்.

நிஜ மெயின் ஸ்ட்ரீட்டில் குழி ஏதும் கண்ணில் படவில்லை. நண்பனுக்கு ஏமாற்றம்.

500-ம் நம்பர் கட்டடம், எமரால்ட் ஆர்ட் சென்டர். அதன் சுவரில் 2014-ல் வரைந்த சிம்ப்ஸன் குடும்பத்துப் பெரிய ஓவியம். இந்த ஊர் தன்னுடைய நட்சத்திரத்துக்குச் செய்திருக்கும் மரியாதை. நாங்கள் போனபோது அங்கே வேறு யாரும் இல்லை. டிக்கெட் இல்லை, க்யூ இல்லை. சுவரும் மஞ்சளும் வெயிலும்தான்.

“உன் நம்பர் ஒன் எதுன்னு இப்ப சொல்லு” என்றான்.

அவனுக்குத் தெரியும். 1995 ஜனவரி 22. மேகி பிறந்த கதை.

கடனையெல்லாம் அடைத்த அன்று ஹோமர் அணுமின் நிலைய வேலையை விட்டுவிடுவார். சும்மா விடுவதில்லை. பர்ன்ஸின் தலையில் தபலா வாசித்துவிட்டு, திரும்பி வரவே வழியில்லாமல் பின்னால் பாலத்தையும் கொளுத்திவிட்டுப் போவார். ஆசைப்பட்ட பௌலிங் கூடத்தில் வேலை. சம்பளம் கம்மி, சந்தோஷம் ஜாஸ்தி. அப்போது மார்ஜ் மூன்றாவதாக உண்டாவாள். பணம் வேண்டும். பௌலிங் கூடத்து முதலாளி நல்லவர்தான், ஆனால் கொடுக்க அவரிடம் இல்லை. ஹோமர் பழைய இடத்துக்கே போவார், கெஞ்ச வருகிறவர்களுக்கென்று வைத்திருக்கும் குட்டை வாசலில் தவழ்ந்து. பர்ன்ஸ் அவர் மேஜைக்கு எதிரே ஒரு பலகை அடிப்பார்: ‘மறக்காதே, நீ சாகும்வரை இங்கேதான்’ என்ற அர்த்தத்தில்.

ஆல்பத்தில் மேகியின் போட்டோ ஏன் ஒன்றுகூட இல்லை என்று குழந்தைகள் கேட்டதில் ஆரம்பிக்கும் கதை இது. போட்டோவெல்லாம் அந்தப் பலகை மேல்தான் ஒட்டியிருக்கும். எழுத்துகளை மறைத்து மறைத்து ஒட்டியதில், மிச்சம் தெரிவது: ‘அவளுக்காகச் செய்.’

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் நண்பன் பெண்ணைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சுவரோரம் போய்விட்டான். “எடுடா” என்றான். எடுத்தேன். ஒன்றில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள், இன்னொன்றில் இவன். மூன்றாவது பரவாயில்லை.

“இதை பிரின்ட் போட்டு ஆபீஸ்ல ஒட்டுவியா?” என்றேன்.

“ஏற்கெனவே நாலு ஒட்டியிருக்கேன். இடமில்லை.”

அப்போது அவன் செல்போன் அடித்தது. சனிக்கிழமை, மத்தியானம் ஒன்றே முக்கால். பெயரைப் பார்த்ததுமே பெண்ணை என்னிடம் கொடுத்துவிட்டு, பத்தடி தள்ளிப் போய் நின்றான். “யெஸ்... யெஸ்... நோ ப்ராப்ளம்... மண்டே மார்னிங்” என்றான். ஐந்து நிமிஷம். அதற்குள் அவள் என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கழற்றி மூடியைச் சாக்கடையில் போட்டிருந்தாள்.

திரும்பி வந்தவன், “சாப்பிட எங்கே போலாம்?” என்றான்.