பதிவான குற்றமும் நடந்த குற்றமும்

சென்னைக் காவல்துறையில் குற்றக் கணக்குப் பார்த்தவர்களுக்கு மாதத்தின் முதல் வாரம் என்றால் 'கம்பேரட்டிவ்' வாரம். சென்ற மாதம் எத்தனை ஆதாயக் கொலை, எத்தனை வழிப்பறி, எத்தனை கன்னக்களவு, போன வருஷம் இதே மாதம் எத்தனை, கண்டுபிடித்தது எத்தனை, மீட்ட நகை எத்தனை பவுன் என்று நிலையம் நிலையமாகக் கேட்டு வாங்கிக் கூட்டி, ஒரே தாளில் கொண்டுவந்து அதிகாரிகள் கூட்டத்துக்கு வைக்க வேண்டும். ஓய்வுபெறும்வரை என் பிழைப்பு பெரும்பாலும் அந்தத் தாளோடுதான் கழிந்தது. கூடினால் இன்ஸ்பெக்டருக்குத் திட்டு, குறைந்தால் பாராட்டு. அந்த அறையில் அதற்கு மேல் யாரும் அதை வாசித்து நான் அதிகம் பார்த்ததில்லை. பத்திரிகைகளும் அப்படியே வாசிக்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தத் தாளில் இருப்பது நகரில் நடந்த குற்றம் அல்ல, நிலையத்தில் எழுதப்பட்ட குற்றம். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவர், புகாரை எழுதிப் பதியும் நிலைய ரைட்டர். ஆகவே எந்த எண்ணைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது, இதை எழுதியதால் யாருக்கு லாபம், எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கு நிம்மதி என்பதைத்தான்.

செல்போன் பறிப்பை எடுத்துக்கொள்வோம். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பையனிடமிருந்து பைக்கில் வந்த இருவர் போனைப் பறித்துக்கொண்டு போகிறார்கள். அவன் நிலையத்துக்கு வருகிறான். அங்கே அவனுக்குக் கிடைக்கும் ஆலோசனை அநேகமாக இப்படி இருக்கும்: "தம்பி, பறிச்சிட்டாங்கன்னு எழுதினா கோர்ட்டு, சாட்சின்னு அலையணும். காணாமப் போச்சுன்னு எழுதிக் குடு, இப்பவே சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேன். சிம் வாங்கிக்கலாம்." பையனுக்கும் அன்றைக்கு வேண்டியது சிம்தான். எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறான். சி.எஸ்.ஆர். என்பது நம் மாநிலத்து நிலையங்களில் மனுக்களுக்கு ரசீது கொடுக்கும் பதிவேடு. அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. குற்றக் கணக்கில் ஏறாது. டெல்லிக்குப் போகும் புள்ளிவிவரத்தில் அந்தப் பறிப்பு நடக்கவே இல்லை.

ரைட்டர் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. எஃப்.ஐ.ஆர். போட்டால் அது உடனே நீதிமன்றத்துக்குப் போகும், கேஸ் டைரி திறக்க வேண்டும், மாதக் கூட்டத்தில் "என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். துப்பே இல்லாத ஒரு போன் திருட்டு, நிலையத்தின் கண்டுபிடிப்பு சதவீதத்தைக் கீழே இழுக்கும். பதிவுசெய்தவரைத் தண்டித்து, செய்யாதவரைத் தட்டிக்கொடுக்கும் ஏற்பாட்டை மேலே உட்கார்ந்து நாங்கள்தான் செய்து வைத்திருந்தோம். பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பின் சுற்றறிக்கை எல்லா நிலையத்துக்கும் வந்தது. கம்பேரட்டிவ் தாள் மட்டும் மாறவில்லை.

அப்படியானால் எதை நம்புவது? நான் நம்பியவை இரண்டு: பிணம், பைக். கொலையை மறைப்பது கடினம். உடல் இருக்கிறது, அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை நடக்கிறது, உறவினர்கள் சாலை மறியல் செய்கிறார்கள். இருசக்கர வாகனத் திருட்டில் காப்பீட்டு நிறுவனம் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் பணம் தராது. அதனால் பறிகொடுத்தவர் விடாமல் வந்து நிற்பார். இந்த இரண்டையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்ற எண்களை உரசிப் பார்க்கலாம். ஒரு சரகத்தில் வாகனத் திருட்டு அப்படியே இருக்க, மற்ற திருட்டுகள் மட்டும் திடீரென்று பாதியானால், திருடர்கள் திருந்தவில்லை. இன்ஸ்பெக்டரோ ரைட்டரோ மாறியிருப்பார். கொலை குறையாமல் கொலை முயற்சி மட்டும் குறைந்து, அதே அளவுக்குக் காய வழக்குகள் கூடியிருந்தால், கத்தி அதே கத்திதான், பிரிவு வேறு. இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் தேவையில்லை. இரண்டு பத்திகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் பொறுமை போதும்.

கொலையிலும் ஒரு சிக்கல் உண்டு. எண் சிறியது. போன மாதம் 8, இந்த மாதம் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கொலைகள் 50 சதவீதம் உயர்வு' என்று தலைப்பு வந்துவிடும். கூடிய நான்கும் ஒரே கோஷ்டிப் பகையில் பழிக்குப் பழியாக நடந்தவையாக இருக்கலாம். போதாக்குறைக்குச் சந்தேக மரணம் என்று எழுதியது, பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தபின் கொலையாகப் பிரிவு மாறும். மாதக் கணக்கில் எண்ணும் தேதியும் இறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கொலையை மாதவாரியாகப் பேசுகிறவரை நான் சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை. ஐந்து வருஷத்தைச் சேர்த்து வைத்துப் பேசுங்கள், கேட்கிறேன்.

எண்ணும் விதியே ஒரு வடிகட்டி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஓர் எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தாலும் பெரிய குற்றத்தை மட்டுமே எண்ணும். வீடு புகுந்து கிழவியைக் கொன்று நகையை எடுத்துப் போனால் அது ஒரு கொலை. கொள்ளைக் கணக்கில் அது வராது. செயின் பறிப்புக்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கவில்லை. ஒரு நிலையம் வழிப்பறி என்று எழுதியது, பக்கத்து நிலையம் திருட்டு என்று எழுதியது. 2024 ஜூலை 1-இல் வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் 304-ஆம் பிரிவு பறிப்பு என்றே தனியாக வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் 2024 என்ற ஒரே வருஷத்துக்குள் முதல் பாதி ஒரு சட்டம், பிற்பாதி ஒரு சட்டம். அந்த வருஷத்தை முன்பின் வருஷங்களோடு ஒப்பிட்டு எழுதுகிறவர்களுக்கு ஆண்டவன்தான் துணை.

எல்லையும் நிற்பதில்லை. 2008-இல் சென்னைப் புறநகருக்குத் தனி ஆணையரகம் வந்தது, 2011-இல் மறுபடி சேர்த்தார்கள், 2022 ஜனவரியில் ஆவடியும் தாம்பரமும் தனியாகப் பிரிந்தன. 2021-ஐயும் 2022-ஐயும் பக்கத்தில் வைத்துச் 'சென்னையில் குற்றம் சரிவு' என்று யாராவது காட்டினால், சரிந்தது குற்றமா, வரைபடமா என்று கேளுங்கள். வகுக்கும் எண்ணும் பழசு. பெருநகரங்களின் குற்ற விகிதத்துக்குக் காப்பகம் 2011 மக்கள்தொகையையே வைத்திருக்கிறது. சென்னைக்கு அது சுமார் 86.5 லட்சம். அதற்குப் பிறகு வந்து குடியேறியவர்கள் குற்றத்துக்கு ஆளானால் பின்னத்தின் மேலே ஏறுவார்கள், கீழே ஏற மாட்டார்கள்.

2020-ஐ நான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குக் காட்டுவதுண்டு. அந்த ஆண்டு நாடு முழுவதும் பதிவான குற்றங்கள் முந்தைய ஆண்டைவிட 28 சதவீதம் கூடின. தெருவே வெறிச்சோடிக் கிடந்த ஆண்டில்! காரணம் ஊரடங்கு மீறல். இந்திய தண்டனைச் சட்டம் 188-ஆம் பிரிவில் 2019-இல் 29,469 வழக்குகள், 2020-இல் 6,12,179. தமிழ்நாடு இதில் முன்னணியில் இருந்தது. மாஸ்க் போடாமல் பால் வாங்கப் போனவரும் நகைக்கடையை உடைத்தவரும் 'மொத்தக் குற்றங்கள்' என்ற ஒரே வரியில் தலா ஒன்று. 'மொத்தம்' என்ற அந்தக் கடைசி வரியைப் பார்ப்பதையே நான் அன்றோடு விட்டேன். சாதாரண வருஷத்திலும் அதற்குள் சாலை விபத்து வழக்குகள் ஏராளமாக உட்கார்ந்திருக்கும்.

போலீஸ் தேடிப் போனால் மட்டுமே கூடும் குற்றங்களும் இருக்கின்றன. கஞ்சா, சூதாட்டம், சட்டவிரோத மது விற்பனை. 2021 டிசம்பரில் மாநிலம் முழுவதும் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' தொடங்கியது. வழக்கும் கைதும் கூடின. அது வேட்டையின் அளவு. கஞ்சாவின் அளவு அதில் தெரியாது. தெருவில் நடக்கும் சிறு ஒழுங்கீனங்களின் கதையும் இதுதான். குடித்துவிட்டுப் பொது இடத்தில் கலாட்டா செய்தால் 1888-ஆம் வருஷத்து நகரக் காவல் சட்டத்தின் 75-ஆம் பிரிவு. நிலையத்தில் 'பெட்டி கேஸ்' என்பார்கள். நான் பார்த்தவரை மாதக் கடைசியில் பெட்டி கேஸ் கூடும். குடிக்கிறவன் கையில் காசில்லாத நாட்கள் அவை. கணக்குக் கேட்பவர்களுக்குத்தான் அந்த நாட்கள் முக்கியம்.

ஒழுங்கீனத்தை அறிய வேண்டுமானால் எஃப்.ஐ.ஆரை விட்டுவிட்டு 100-க்கு வந்த அழைப்புகளைப் பார்க்க வேண்டும். எந்த டாஸ்மாக் வாசலில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று அது சொல்லும். ஆனால் ஒரே தகராறுக்கு ஏழு பேர் போன் செய்வார்கள். சில பகுதிகளில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் அழைப்பு வரும். வேறு சில இடங்களில் மண்டை உடைந்தாலும் போலீஸ் வேண்டாம், நாமே பேசிக்கொள்வோம் என்பார்கள்.

கண்ணகி நகரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். நகரின் நடுவிலிருந்த குடிசைப் பகுதி மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். அங்கே குற்றம் அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்காக ரோந்து கூடும், இரவில் பைக்கை நிறுத்திச் சோதிப்பார்கள், முன்னெச்சரிக்கைக் கைது நடக்கும். சோதனை கூடிய இடத்தில் வழக்கும் கூடும். அந்த வழக்கு எண்ணைக் காட்டியே மறுபடியும் ரோந்து கேட்பார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் அந்த முகவரியை எழுதத் தயங்குகிறார்கள். இந்தக் கம்பேரட்டிவ் தாளால் நேரும் பெரிய தீங்கு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மற்றதெல்லாம் அதிகாரிகளுக்குள் நடக்கும் மார்தட்டல். போலீஸ் தேடிப் போனதால் வந்த வழக்குகளையும், பாதிக்கப்பட்டவர் வந்து கொடுத்த வழக்குகளையும் தனித்தனிப் பத்தியில் போடாமல் எந்தப் பகுதியையும் குற்றப் பகுதி என்று நிறம் தீட்டக் கூடாது.

நகரங்களுக்கு ரேங்க் போடும் விளையாட்டு தனி. காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி லட்சம் பேருக்கு 86.5 குற்றங்கள் என்று கொல்கத்தா 'மிகப் பாதுகாப்பான பெருநகரம்' ஆனது. மறுபுறம், டெல்லியில் 2015-இல் வாகனத் திருட்டை வீட்டிலிருந்தே இணையத்தில் பதியலாம் என்று வழிசெய்தார்கள். வழியைத் திறந்தால் எண் ஏறத்தானே செய்யும்? பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வேறு வேறு என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் செய்தியாக்குவதில்லை. நிலையத்துக்கு வராத குற்றத்தை எண்ண ஒரே வழி, வீடு வீடாகப் போய்க் கேட்பது. ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிடியூட் டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னை நகரங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கேட்டு 2017-இல் ஓர் அறிக்கை கொடுத்தது. அரசு இதை ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

அதுவரை செலவில்லாத ஒரு காரியம் இருக்கிறது. நிலையவாரியாக சி.எஸ்.ஆர். எண்ணிக்கை, 100 அழைப்பு, எஃப்.ஐ.ஆர். மூன்றையும் மாதாமாதம் பொதுமக்களுக்கு வெளியிடலாம். மூன்றும் கையில் இருக்கும் தகவல்தான். அழைப்பு குறையாமல் எஃப்.ஐ.ஆர். மட்டும் குறையும் நிலையம் எது என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லிவிடும்.

உங்களிடம் கேட்பது ஒன்று. பறிகொடுத்ததைக் 'காணாமல் போனது' என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பறித்தார்கள் என்றே எழுதுங்கள், இடத்தையும் நேரத்தையும் சேர்த்து. எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் அதைத் துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்பலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.