பருக்கை காய்வதற்குள்

மதியம் இரண்டரை மணிக்கு எங்கள் அலுவலக பேன்ட்ரி சிங்க்கை எட்டிப் பார்த்தால், அன்றைக்கு யார் வீட்டில் என்ன சமையல் என்று சொல்லிவிடலாம். புளியோதரை எண்ணெய் பூசிய எவர்சில்வர் டப்பா, மோர்க்குழம்பு ஓரமெல்லாம் காய்ந்துபோன தட்டு, முருங்கைக்காய்ச் சக்கை மிதக்கும் கிண்ணம், அடியில் கறை வட்டம் போட்ட காபி மக். எல்லாவற்றுக்கும் கீழே, தண்ணீர் இறங்கும் சல்லடையைக் கறிவேப்பிலை அடைத்துக்கொண்டிருக்கும். பலகையில் ராஜீவ் காந்தி சாலை என்று எழுதியிருந்தாலும் எல்லோருக்கும் அது ஓ.எம்.ஆர்.தான். அந்தச் சாலையில் நான் வேலை பார்த்த எல்லா இடத்திலும் இதே காட்சி. கட்டடம் மாறியது, மாடி மாறியது, சிங்க் மாறவில்லை.

அந்த டப்பாக்களில் சிலவற்றின் மூடியில் பெயர் வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் வாங்கிய கையோடு, கிர்ரென்று சத்தம் போடும் சின்னக் கருவியால் புள்ளி புள்ளியாக எழுதித் தருவார்களே, அந்த எழுத்து. அம்மாவின் பெயர், அப்பாவின் முதலெழுத்து, சீர் கொடுத்தது என்றால் கொடுத்தவர் பெயரும் தேதியும். கல்யாண வீட்டிலோ கோயில் பொங்கலிலோ பாத்திரம் மாறிப் போய்விடக் கூடாது என்று வந்த பழக்கம். இவ்வளவு கவனமாக உரிமை எழுதி வைத்த பாத்திரம், சாப்பிட்டு முடித்த அடுத்த நிமிடம் யாருடையதும் இல்லாமல் சிங்க்கில் கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாயி வீட்டுக் கொல்லைப்புறம் ஞாபகம் வந்துவிடும்.

மன்னார்குடிப் பக்கம் அந்த ஊர். கிணற்றடியில் ஒரு துவைகல், அதற்கு அந்தப் பக்கம் நாலைந்து வாழை. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும். முந்தின ராத்திரிப் பாத்திரமும் காலையில் பழையது சாப்பிட்ட கிண்ணமும் அங்கே குவிந்திருக்கும். வேறு தெருவிலிருந்து ஒரு பெண் சந்து வழியாக வருவார். வாசல் வழியாக அவர் வந்து நான் பார்த்ததில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேங்காய் நாரைச் சாம்பலில் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பார். மணிக்கட்டு மட்டும் சுழலும், முழங்கை அசையாது. பித்தளைக் குடம், வெண்கலப் பானை என்றால் சாம்பலை ஒதுக்கிவிட்டுப் புளிச் சக்கையை எடுப்பார். கழுவியதையெல்லாம் கல்லின் மேல் கவிழ்த்துவிட்டு, எழுந்து நகர்ந்து நின்றுகொள்வார். பிறகு அப்பாயி வந்து, அத்தனை பாத்திரத்தின் மேலும் ஒரு செம்புத் தண்ணீர் தெளிப்பார். அதற்குப் பிறகுதான் அவை அடுக்களைக்குள் போகும். எங்கள் எச்சிலைச் சுத்தம் செய்து கொடுத்த கை பட்டதால் பாத்திரத்துக்குத் தீட்டு, அந்தத் தீட்டுப் போகத் தண்ணீர். அந்த வீட்டில் யாரும் அதைக் கொடுமை என்று நினைக்கவில்லை. தினசரி ஒழுங்கில் அதுவும் ஒன்று. சின்னப் பிள்ளைகள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

அந்தச் சாம்பலையும் புளியையும் பற்றிப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். விறகுச் சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் காரம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கொஞ்சம் சோப்பாகவே மாறுகிறது. புளியின் டார்டாரிக் அமிலம் பித்தளையில் படிந்த கறுப்பைக் கரைத்தெடுக்கிறது. எதை எதற்குப் போட வேண்டும் என்று அந்தப் பெண்ணின் கைக்குத் தெரிந்திருந்தது. அது ஒரு தொழில் ஞானம். வாழைக்குப் போன தண்ணீருக்குக் கிடைத்த மரியாதைகூட அந்த ஞானத்துக்குக் கிடைக்கவில்லை. பிறகு விறகு போய் கேஸ் வந்தது, சாம்பல் நின்றது, சபீனா பவுடர் வந்தது, விம் பார் வந்தது. பித்தளை பரணுக்கு ஏறி எவர்சில்வர் இறங்கியது. தேய்க்கிற கை மட்டும் அதே தெருவிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அலுவலகச் சிங்க்குக்கு இன்னொரு தொல்லை உண்டு, அது ஏசி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். நாகர்கோவில் நண்பர் கொண்டுவரும் அவியலும் தீயலும் அமிர்தம். ஆனால் சாப்பிட்ட டப்பாவை அப்படியே போட்டால், அந்தக் குளிரில் சாயங்காலத்துக்குள் வெள்ளைப் படலம் கட்டிவிடும். பச்சைத் தண்ணீருக்கு அது அசையாது. அதே எண்ணெய் குழாய்க்குள் இறங்கி உறைந்தால் நாலு நாளில் சிங்க் அடைத்துக்கொள்ளும். சோற்றுப் பருக்கை இன்னும் மோசம். ஈரமாக இருக்கும்போது ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும், காய்ந்தபின் பசை போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவில் மஞ்சள் ஏறினால் எந்த லிக்விடும் எடுக்காது, வெயிலில் வைத்தால்தான் வெளுக்கும். இதெல்லாம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். தேய்க்காதவர்களுக்குத் தெரியாது. தட்டை அப்படியே சிங்க்கில் போடுகிறவர் அதோடு சேர்த்துத் தன்னுடைய ஐந்து நிமிட வேலையைக் கால் மணி நேர வேலையாக்கி இன்னொருவர் தலையில் கட்டுகிறார்.

அந்த இன்னொருவர், எங்கள் மாடியில், பேன்ட்ரி அக்கா. கண்ணகி நகரிலிருந்து வருகிறார். கூவம், அடையாறு கரைகளிலும் நகரத்தின் நடுவிலும் இருந்த குடிசைப் பகுதி மக்களைப் பெயர்த்துக்கொண்டுபோய்த் துரைப்பாக்கத்தில் குடியேற்றிய இடம் அது. அந்தக் குடியிருப்பு தொடங்கியது 2000-ஆம் ஆண்டு. தரமணியில் டைடல் பார்க் திறந்ததும் அதே 2000-த்தில். கண்ணாடிக் கட்டடங்களும் அவற்றைத் துடைக்கிற கைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இந்தச் சாலைக்கு வந்து சேர்ந்தன. நாங்கள் பேருந்து ஏறிச் சாப்பாட்டு டப்பாவோடு வருகிறோம். அக்கா ஷேர் ஆட்டோவில் எங்களுக்கு முன்னாலேயே வந்து, நாங்கள் போனபிறகு போகிறார்.

ஒரு நாள் கை வேலையாக இருந்தபோதே அவர் விரல்களைக் கவனித்தேன். கட்டைவிரல் நகம் ஓரத்தில் பிளந்து, அடியில் தோல் வெளுத்து உரிந்திருந்தது. கையுறை கொடுக்கிறார்களா என்று கேட்டேன். கொடுக்கிறார்கள், எண்ணெய்ப் பாத்திரம் அதில் வழுக்குகிறது, பிடி கிடைக்கவில்லை என்றார். "நீங்க கழுவ வேணாம்மா. சோத்தைக் கொஞ்சம் தட்டிட்டு, தண்ணி ஊத்தி வெச்சாப் போதும். காஞ்சத நோண்டி எடுக்கிறதுலதான் நகம் போவுது." குரலில் புகார் இல்லை, குழாய் திறந்தபடியே இருந்தது. அவர் கேட்டது எவ்வளவு சின்ன விஷயம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சிங்க்குக்கு மேலே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். உங்கள் பாத்திரத்தைக் கழுவ உங்கள் அம்மா இங்கே வேலை பார்க்கவில்லை என்ற பொருளில், பல அலுவலகங்களில் ஒட்டுகிற வாசகம்தான். எனக்கு அது பிடிக்கவே இல்லை. வீட்டில் அம்மா கழுவலாம், அது சரி என்கிறது அந்த வாசகம். அக்காவுக்கும் கல்லூரியில் படிக்கிற ஒரு பையன் இருக்கிறான். யாருடைய அம்மாவோ அங்கே வேலை பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்? அதை ஒட்டியவரின் கண்ணில் அக்கா படவே இல்லை.

சத்திய சோதனையில் காந்தி 1901-ஆம் ஆண்டு கல்கத்தா காங்கிரஸைப் பற்றி எழுதியிருப்பது இந்த இடத்தில் எப்போதும் நினைவுக்கு வரும். தொண்டர்களிடம் ஒரு வேலை சொன்னால் ஒருவர் இன்னொருவரிடம் தள்ளிவிட, அவர் மூன்றாமவரிடம் தள்ளிவிடுவாராம். கழிப்பிடம் நாறியது. சுத்தம் செய்யலாம் என்றால் அது தோட்டியின் வேலை என்று பதில் வந்தது. அவரே ஒரு துடைப்பம் கேட்டு வாங்கினார். அதே அத்தியாயத்தில் நம்மவர்களும் வருகிறார்கள். பிறர் பார்வை பட்டாலே சாப்பாடு தீட்டு என்று தமிழகப் பிரதிநிதிகளுக்குத் தனியாகத் தட்டி கட்டிய சமையலறை. சமைப்பது, உண்பது, கழுவுவது எல்லாம் அந்தப் புகைக்குள்ளேயே. படித்த வக்கீல்கள், பெரிய மனிதர்கள். நாட்டு விடுதலையைப் பேசப் போன இடத்திலும் எச்சிலைப் பற்றிய பயம் கூடவே போயிருக்கிறது.

அந்தப் பயத்தின் இன்னொரு முகம் டீக்கடைகளில் இருந்தது. இரட்டைக் குவளை முறையைப் பற்றிப் பேசும்போது தனிக் குவளை வைத்ததைச் சொல்வோம். குடித்து முடித்தபின் என்ன நடந்தது என்பதைப் பலர் சொல்வதில்லை. தலித் மக்கள் தாங்கள் குடித்த குவளையைத் தாங்களே கழுவி, வைக்கச் சொன்ன இடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். மற்றவர்கள் குடித்த குவளையைக் கடைக்காரர் கழுவுவார். பொது உணவகத்தின் பாத்திரங்களைத் தீண்டாமையால் மறுப்பது குற்றம் என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் எத்தனையோ ஊர்களில் அந்தக் குவளை கூரையில் செருகியபடியே இருந்தது. ஆக, இந்த மண்ணில் தன் குவளையைத் தானே கழுவுவது ஒரு தண்டனையாக இருந்திருக்கிறது. கழுவாமல் எழுந்து போவது அந்தஸ்தாக இருந்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் தட்டைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை, கெட்டவர்களும் இல்லை. ஆனால் தனக்குப் பின்னால் ஒரு கை வரும் என்ற அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எனக்கு அந்தக் கூரையும் அப்பாயியின் செம்பும்தான் தெரிகின்றன.

வீட்டிலும் அதே கதைதான், அங்கே பின்னால் வருவது பெண்ணின் கை. என் அப்பா நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். சாப்பிட்டு முடித்ததும் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவார். பருக்கை மிதக்கும் அந்தத் தண்ணீரைத் தளும்பாமல் அம்மா தூக்கிக்கொண்டு போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்த நாட்களில்தான் அப்பா முதன்முதலாகச் சிங்க்கின் முன்னால் நின்றார். தட்டின் நடுவில் பளபளவென்று தேய்த்து, விளிம்பை விட்டுவிடுவார். அம்மா கூடத்திலிருந்தே "ஓரம், ஓரம்" என்பார். கட்டுப் பிரித்தபிறகும் அப்பா அதை விடவில்லை. தட்டில் கை கழுவுவதும் அன்றோடு போயிற்று. ஒரு தடவை விளிம்பைத் தேய்த்தவருக்கு அது எவ்வளவு வேலை என்று தெரிந்துவிடுகிறது. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரமாவது ஈடுபட்ட ஆண்கள் நூற்றுக்கு 26 பேர், பெண்கள் 81 பேர். மீதமிருக்கும் 74 ஆண்களில் படித்தவர்கள்தான் காலையில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு எங்கள் மாடிக்கு வருகிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் அலுவலக நண்பர்களோடு அமிர்தசரஸ் போயிருந்தோம். பொற்கோயிலின் பொது உணவுக்கூடமான லங்கரில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், நீளத் தொட்டிகளின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று தட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எவர்சில்வர் தட்டுகள் மோதும் அந்த ஓசை காதை அடைக்கும். தலைப்பாகை கட்டிய முதியவர், நகைகள் போட்ட பெண், பள்ளிக்கூடத்துப் பையன், யார் யார் என்னவென்று யாரும் கேட்பதில்லை. எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அந்த வரிசையில் போய் நின்றார். நெடுநேரம் தேய்த்தார். கண் கலங்கியிருந்தது. அது உண்மையான கண்ணீர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊர் திரும்பி அலுவலகம் திறந்த அன்று மதியம் அவருடைய டப்பா, கத்திரிக்காய்க் காம்போடு, சிங்க்கில் கிடந்தது. யாரோ முகம் தெரியாதவர்களின் தட்டைக் கழுவும் பணிவு அவரிடம் இருந்தது. தன் தட்டைத் தானே கழுவுவது சேவைக் கணக்கில் வராதது அவருக்குச் சிக்கலாக இருந்தது.

சம்பளம் கொடுத்துத்தானே அக்காவை வைத்திருக்கிறார்கள், நாமே கழுவினால் அவர் வேலை போய்விடாதா என்று நல்லெண்ணத்தோடு கேட்கிறவர்கள் உண்டு. அக்காவுக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வேலை டீ, காபி போடுவது, மீட்டிங் அறைக் கோப்பைகளைக் கழுவுவது, மேசைகளைத் துடைப்பது. எங்கள் வீட்டு டப்பாக்கள் அதில் இல்லை. அவை வேலையின் மேல் ஏறிய சுமை, அதற்குத் தனிக் கூலியும் இல்லை. சிங்கப்பூர் உணவங்காடிகளிலும் இதே கேள்வி எழுந்தது. அங்கே மேசை துடைப்பவர்களில் வயதானவர்கள் நிறைய. 2021 செப்டம்பர் முதல், சாப்பிட்டவர்களே தட்டை எடுத்துக்கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கினார்கள். முதல் முறை எச்சரிக்கை, மறுபடி செய்தால் 300 வெள்ளி அபராதம். தட்டுகளை வாங்கி அடுக்கவும் கழுவவும் மேசையைத் துடைக்கவும் ஆட்கள் தேவைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அபராதம் போட்டால்தான் தட்டு நகரும் என்ற நிலை நமக்கு வர வேண்டாம் என்பது என் ஆசை.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். சாப்பிட்ட டப்பாவைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் வராத நாளாகவோ, ஓட வேண்டிய மீட்டிங்காகவோ இருந்தால், சோற்றையும் கறிவேப்பிலையையும் குப்பைக்கூடையில் தட்டிவிட்டு, மூடி போட்டு உங்கள் மேசைக்கே எடுத்துப் போங்கள். நிர்வாகத்தில் இருப்பவர்கள், தனிப்பட்ட பாத்திரங்கள் பேன்ட்ரி ஊழியர் பொறுப்பில் இல்லை என்பதை எல்லோரும் படிக்கும்படி எழுதி ஒட்டுங்கள். அம்மாவைப் பற்றிய அந்த வாசகத்தைக் கிழித்துவிடுங்கள். உங்கள் அணியில் நீங்கள்தான் மூத்தவர் என்றால், முதலில் நீங்கள் போய்ச் சிங்க்கின் முன்னால் நில்லுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.