பாப்கார்ன் வித்த ஆட்டக்காரங்க

இந்தக் கதையப் படிச்சதுலேர்ந்து மனசே ஆறல.

அமெரிக்கால, மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஸ்பிரிங்ஃபீல்டுன்னு ஒரு ஊர்.
அங்க இந்தியன்ஸ்னு ஒரு ஐஸ் ஹாக்கி டீம் இருந்துச்சு. என்.எச்.எல்.னு சொல்ற தேசிய ஹாக்கி லீக்குக்கு ஒரு படி கீழ இருக்குற லீக்ல ஆடுச்சு.

1960, 61, 62.
தொடர்ந்து மூணு தடவ அந்த லீக்கோட கால்டர் கோப்பைய ஜெயிச்சாங்க!

டீமோட முதலாளி எடி ஷோர். ஒரு காலத்துல என்.எச்.எல்.லயே பேர்போன ஆட்டக்காரர்.
ஆனா டீம்ல இடம் கிடைக்காத பசங்கள என்ன பண்ணாரு தெரியுமா?
அதே அரங்கத்துல பாப்கார்ன் விக்க விட்டாரு. சீட்டுக்குப் பெயின்ட் அடிக்க விட்டாரு.

1966 டிசம்பர்ல பசங்க பொங்கிட்டாங்க.
ஆட மாட்டோம்னு ஒரே பிடியா நின்னாங்க.
அவங்களுக்காகப் பேச வந்தவர் ஆலன் ஈகிள்சன்னு ஒரு வக்கீல்.
அடுத்த வருஷமே அவர் தலைமையில என்.எச்.எல். ஆட்டக்காரங்களுக்குச் சங்கம் வந்துடுச்சு!

இந்தியன்ஸ் 1994ல ஊர விட்டே போயிடுச்சு.
அப்புறம் வந்த ஃபால்கன்ஸ் டீமும் 2016ல கெளம்பிடுச்சு.
இப்ப அங்க தண்டர்பேர்ட்ஸ்னு ஒரு டீம் ஆடுது.

கோப்பை ஜெயிச்சத விட, அந்தப் பசங்க ஆட மறுத்து நின்னதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது.

இன்னிக்கு என்.எச்.எல்.ல கோடிக்கணக்குல சம்பளம் வாங்குறவங்கள்ல எத்தன பேருக்கு அவங்களத் தெரிஞ்சிருக்கும்?